ஸ்பிட்டிக்கு எந்த வழியில் ஏறுவது: சிம்லா பக்கமா, மணாலி பக்கமா?

கேள்வி இதுதான்: சென்னையிலிருந்து ஒரு குடும்பம், 62 வயது அப்பாவும் ஒன்பது வயது மகளும் உட்பட, செப்டம்பரில் இமாச்சலத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போக நினைக்கிறது. மணாலியிலிருந்து ஏறி ஆறே நாளில் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறோம் என்கிறார் ஒரு பயண ஏற்பாட்டாளர். அதை நம்பலாமா, வேறு வழி உண்டா, எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

சுருக்கமான பதில்: சிம்லா பக்கமாக ஏறுங்கள், கின்னோர் மாவட்டம் வழியாக மெல்ல உயர்ந்து போங்கள், மணாலி பக்கமாக இறங்குங்கள். சண்டிகரில் தொடங்கிச் சண்டிகரில் முடிக்க 11 நாள், அதற்கு மேல் கையிருப்பாக 2 நாள். அவ்வளவு விடுப்பு கிடைக்காது என்றால் ஸ்பிட்டியை இன்னொரு வருடத்துக்குத் தள்ளிவிட்டு, சாங்லாவும் கல்பாவும் இருக்கிற கின்னோரை மட்டும் ஆறு நாளில் பாருங்கள். அது இரண்டாம் தர ஆறுதல் இல்லை. அழகில் அது எந்த மலைநாட்டுக்கும் குறைந்ததல்ல.

ஏன் இந்த வழி என்பதற்குக் காரணம் ஒன்றுதான்: உயரம். நம் ஊரில் மலை என்றால் ஊட்டி, கொடைக்கானல். ஊட்டி 2,240 மீட்டர். தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். ஸ்பிட்டியின் தலைமை ஊரான காஜா ஆற்றங்கரையில், பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது, அதுவே சுமார் 3,700 மீட்டர். ஆனைமுடி உச்சியைவிட ஒரு கிலோமீட்டர் உயரத்தில் நீங்கள் படுத்துத் தூங்கப் போகிறீர்கள். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. ஊட்டியில் ஒன்றும் செய்யவில்லையே என்பது இங்கே எந்தச் சான்றும் ஆகாது.

மணாலி சுமார் 2,050 மீட்டர். காலையில் அங்கே கிளம்பி இரவு காஜாவில் படுத்தால், ஒரே நாளில் தூங்கும் உயரம் 1,650 மீட்டர் கூடிவிடுகிறது. இடையில் 4,550 மீட்டர் உயரக் குன்சம் கணவாயையும் கடந்திருப்பீர்கள். முதல் இரவே சந்திரதால் ஏரிக் கூடாரம் என்று போட்டிருந்தால் இன்னும் மோசம். அது 2,200 மீட்டர் தாவல். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே தூங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஓர் இரவு கூடுதலாகத் தங்க வேண்டும் என்பதுதான் மலை மருத்துவத்தில் ஏற்கப்பட்ட கணக்கு. ஆறு நாள் திட்டம் இந்தக் கணக்கை முதல் நாளிலேயே மீறுகிறது. இளைஞர்கள் தலைவலியோடு தப்பிவிடுவார்கள். 62 வயதுக்காரரையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

சிம்லா வழியில் இரவுத் தங்கல்களைப் பாருங்கள்: நார்கண்டா 2,700 மீட்டர், சாங்லா ஏறக்குறைய அதே உயரம், கல்பா 2,960, தாபோ 3,280, பிறகு காஜா 3,700. நிலவமைப்பே படிக்கட்டு போட்டுக் கொடுத்திருக்கிறது. சிம்லாவிலிருந்து காஜாவுக்கு 400 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மணாலியிலிருந்து 200 கிலோமீட்டர்கூட வராது. தூரம் இரண்டு மடங்கு என்பதைக் காட்டித்தான் ஏற்பாட்டாளர்கள் மணாலி வழியை விற்கிறார்கள். ஆனால் அந்த 400 கிலோமீட்டரும் கடத்திவிட வேண்டிய தூரமல்ல, பயணத்தின் பாதி அழகு அதில்தான் இருக்கிறது.

முதல் நாள் சண்டிகரிலிருந்து நார்கண்டா, ஏறக்குறைய 180 கிலோமீட்டர், ஆறு மணி நேரம். சிம்லா நகரத்துக்குள் தங்க வேண்டாம். போக்குவரத்து நெரிசலில் அரை நாள் போய்விடும். 1903-இல் திறந்த கால்கா-சிம்லா சின்ன ரயிலில் போக ஆசையென்றால் ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். 96 கிலோமீட்டருக்கு ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும், குழந்தைக்குப் பிடிக்கும்.

இரண்டாம் நாள் நார்கண்டாவிலிருந்து சட்லெஜ் ஆற்றங்கரைக்கு இறங்கி, ராம்பூர், ஜியோரி, கர்சம் வழியாகச் சாங்லா. சுமார் 160 கிலோமீட்டர்தான் என்றாலும் ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ராம்பூரைத் தாண்டியதும் சாலை பாறையைக் குடைந்து போகிறது, மேலே கூரையாகப் பாறை, கீழே ஆறு. இந்தப் பகுதியில்தான் நிலச்சரிவுகள் அதிகம். 2021 ஆகஸ்டில் நிகுல்சாரியில் மலை சரிந்து பேருந்தும் வாகனங்களும் புதைந்தன. அதே ஆண்டு ஜூலையில் சாங்லா பள்ளத்தாக்கின் பட்சேரியில் பாறைகள் உருண்டு ஒன்பது சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். இரண்டும் மழைக்காலத்தில் நடந்தவை என்பதைக் கவனியுங்கள். மழை பெய்து ஓய்ந்த மறுநாளும் கல் விழும். நனைந்த மண் வெயிலில் இளகும்போதும் பிடி விடும். அதனால் இந்த வழியில் காலை ஏழு மணிக்குள் கிளம்பி, மாலை நான்குக்குள் தங்கும் ஊரை அடைவதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். கல் விழும் இடம் என்று பலகை இருந்தால் படம் எடுக்க வண்டியை நிறுத்தாதீர்கள்.

சாங்லாவில் இரண்டு இரவு. மூன்றாம் நாள் முழுக்கப் பாஸ்பா ஆற்றோரம் சித்குல் வரை போய் வாருங்கள். 24 கிலோமீட்டர், 3,450 மீட்டர், திபெத் எல்லைப் பக்கம் சாலையில் வரும் கடைசி ஊர். பகலில் உயரம் ஏறி, இரவில் கீழே வந்து தூங்குவது உடலுக்கு மிகச் சிறந்த பயிற்சி. செப்டம்பரில் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஆப்பிள் பறிப்பு நடக்கும், சாலையெல்லாம் பெட்டி ஏற்றிய லாரிகள். தோட்டத்தில் கேட்டு வாங்குங்கள், தாமாகப் பறிக்காதீர்கள். அது அவர்களுடைய ஒரு வருட வருமானம். காம்ரூ கிராமத்துப் பழைய மரக்கோட்டை வரை படி ஏறி நடந்தால் அப்பாவின் மூச்சு எப்படி இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். இங்கேயே மிகவும் திணறினால் மேலே போகும் திட்டத்தை மாற்றலாம். கல்பாவோடு திரும்புவதில் எந்தக் குறையும் இல்லை.

நான்காம் நாள் கல்பா. இரண்டு மணி நேரப் பயணம், மீதி ஓய்வு. எதிரே கின்னர் கைலாசத் தொடர் நெஞ்சுக்கு நேராக நிற்கிறது. தங்கும் அறை கிழக்கு பார்த்ததா என்று கேட்டு எடுங்கள், அந்த ஒரு கேள்வி போதும். கீழே உள்ள ரெக்காங் பியோவில் மூன்று வேலை இருக்கிறது: வங்கி இயந்திரத்தில் ரொக்கம் எடுப்பது, மருந்துக் கடையில் விட்டுப்போனதை வாங்குவது, அடிவாரப் பொவாரியில் எரிபொருள் தொட்டியை முழுக்க நிரப்புவது. இதற்குப் பிறகு நம்பிப் போகக்கூடிய பெட்ரோல் பம்பு 200 கிலோமீட்டர் தள்ளிக் காஜாவில்தான். காஜாவில் வங்கி இயந்திரம் உண்டு, ஆனால் பணம் தீர்ந்துபோவது அங்கே வாடிக்கை. கைப்பேசிப் பணப் பரிமாற்றம் இணைப்பு இருக்கும் ஊர்களில் மட்டுமே நடக்கும்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர் யாராவது (சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, எதுவானாலும்) உங்களோடு வந்தால், கல்பாவுக்கு மேல் திபெத் எல்லையை ஒட்டிச் செல்லும் பகுதிக்கு உள்எல்லை அனுமதிச் சீட்டு வேண்டும். ரெக்காங் பியோ அரசு அலுவலகத்தில் தருகிறார்கள், விடுமுறை நாளில் கிடைக்காது. ஆகவே கல்பா வந்துசேரும் நாள் ஞாயிறாக இல்லாமல் திட்டமிடுங்கள். இந்தியக் குடிமக்களுக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை, ஆதார் போன்ற அடையாள அட்டை போதும். சோதனைச் சாவடிகளில் கேட்பார்கள். அங்கே படம் எடுக்கக் கூடாது, பாலங்களையும் ராணுவ வண்டிகளையும் எடுக்கக் கூடாது.

ஐந்தாம் நாள்தான் நிலமே மாறும் நாள். பியோவைத் தாண்டிச் சில மணி நேரத்தில் தேவதாரு மரங்கள் முடிந்துபோகும். காப் என்ற இடத்தில் ஸ்பிட்டி ஆறு சட்லெஜில் கலக்கிறது. அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் நாக்கோ, 3,660 மீட்டர், வில்லோ மரங்கள் சூழ்ந்த சிறிய ஏரி, பக்கத்தில் இமாச்சலத்தின் மிக உயரமான சிகரமான ரியோ புர்கியால், 6,816 மீட்டர். ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் மெதுவாக நடந்து, மதியம் சாப்பிட்டுவிட்டு, தாபோவுக்கு இறங்கித் தூங்குங்கள். பலர் நாக்கோவிலேயே தங்குகிறார்கள். கல்பாவிலிருந்து அது 700 மீட்டர் தாவல். தாபோ என்றால் 320 மீட்டர்தான்.

இந்த வறட்சிக்குக் காரணம் நமக்குப் பழக்கமானதுதான். மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே தென்மேற்குப் பருவமழை எப்படிக் குறைந்துபோகிறதோ, அப்படியே பீர் பஞ்சாலும் பெரிய இமயத் தொடரும் மழை மேகங்களைத் தெற்கிலேயே நிறுத்திவிடுகின்றன. ஸ்பிட்டியில் ஈரம் என்றால் பெரும்பாலும் குளிர்காலப் பனிதான். அது உருகி வரும் வாய்க்கால் எட்டுகிற இடத்தில் மட்டும் பார்லியும் பட்டாணியும் பச்சையாக நிற்கும். மற்றதெல்லாம் மண்ணும் கல்லும், நூறு நிறங்களில்.

தாபோவுக்கு ஒரு முழுக் காலைப் பொழுதைக் கொடுங்கள். ஸ்பிட்டியில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால் என் தேர்வு இதுவே. வெளியே பார்த்தால் வழவழப்பான மண் சுவர், ஒன்றுமில்லாதது போல் இருக்கும். 996-இல் கட்டப்பட்ட மடாலயம் அது. தஞ்சைப் பெரிய கோயில் எழுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு. உள்ளே இருட்டு மண்டபத்தில் சுவரிலிருந்து வெளியே நீட்டி அமர்ந்திருக்கும் சுதை உருவங்களும், அவற்றின் கீழே ஆயிரம் ஆண்டு ஓவியங்களும் இருக்கின்றன. 1975 நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டும் நிலைத்து நின்றவை. படம் எடுக்க அனுமதி இல்லை. மங்கலான கைவிளக்கு கொண்டுபோய், துறவியின் அனுமதி கேட்டு, கண் இருட்டுக்குப் பழகக் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்த பிறகு பாருங்கள். உடனே சுற்றி வந்து வெளியேறுகிறவர்களுக்கு ஓவியங்கள் கண்ணில் படவே படாது.

ஆறாம் நாள் தாபோவிலிருந்து காஜா 47 கிலோமீட்டர்தான். வழியில் தன்கருக்கு ஏறுங்கள். அரித்துக் குத்தீட்டிகளாக நிற்கும் மண் முகட்டில் மடாலயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, 3,894 மீட்டர், ஸ்பிட்டியின் பழைய தலைநகர். கீழே ஸ்பிட்டி ஆறும், ‘பின்’ என்ற பெயருள்ள ஆறும் கலப்பது தெரியும். கட்டடம் பலவீனமானது, மேல் அறைகளில் ஒரு நேரத்தில் சிலரைத்தான் விடுவார்கள். அங்கிருந்து லாலுங் கிராமத்துக்குப் போய் வந்தால் பெரும்பாலான பயணிகள் தவறவிடும் சிறிய பொன்னிறக் கோயிலைப் பார்க்கலாம். சாவி வைத்திருக்கும் துறவியைத் தேட வேண்டியிருக்கும், அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். தன்கர் ஏரிக்கு ஒரு மணி நேரச் செங்குத்து நடை உண்டு. காஜாவில் தூங்கப்போகும் முதல் நாளில் அந்த முயற்சி வேண்டாம்.

காஜாவில் முதல் 24 மணி நேரத்தில் சூடான குளியலும் மாடிப்படி ஓட்டமும் மதுவும் தள்ளி வையுங்கள். தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். காற்று வறண்டது, மூச்சிலேயே ஈரம் போய்விடும். இரவில் தூக்கம் துண்டு துண்டாக வரும், மூச்சு சற்று நின்று மீண்டும் வருவதுபோல் தோன்றி விழிப்பு வரும். இது பெரும்பாலும் இயல்பு. தூக்க மாத்திரை போடவே கூடாது.

நோயின் அடையாளங்களைக் குடும்பத்தில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். தலைவலியோடு பசியின்மை, குமட்டல், அளவற்ற அசதி, தலைசுற்றல் ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்தால் அது உயர நோயின் தொடக்கம். அன்று மேலே ஏறக் கூடாது, ஓய்வு, தண்ணீர், வலிக்குப் பாராசிட்டமால். அடுத்த நாளும் குறையவில்லை என்றால் இறங்க வேண்டும். இரண்டு அடையாளங்கள் மட்டும் காத்திருக்க அனுமதிக்காதவை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்து இருமல் வந்தால் நுரையீரலில் நீர் கோக்கிறது. குதிகாலும் விரலும் ஒட்டியபடி நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ மூளை வீங்குகிறது. இரவானாலும் உடனே இறக்க வேண்டும். காஜா அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் கிடைக்கும், ஆனால் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே கீழே கொண்டுபோவதுதான் சிகிச்சை. குன்சம் பக்கம் போனால் முதலில் ஏற வேண்டும் என்பதால், காஜாவிலிருந்து இறங்குவது எப்போதும் தாபோ பக்கமாகவே.

ஒன்பது வயதுக் குழந்தை ‘தலை வலிக்கிறது’ என்று சொல்லாமல் வெறுமனே அடம்பிடிக்கலாம், சாப்பாட்டை ஒதுக்கலாம். காஜாவில் அதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி கையில் இருந்தால், அங்கே 90-ஐ ஒட்டியோ கொஞ்சம் கீழேயோ காட்டுவது வழக்கமானதே. எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம், ஆளைப் பாருங்கள். அசெட்டசோலமைட் மாத்திரை, அதாவது டயாமாக்ஸ், உடல் பழகுவதை வேகப்படுத்தும். பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சிக்கல், சில இரத்த அழுத்த மருந்துகளோடும் பார்த்துத்தான் தர வேண்டும். அப்பாவை ஊரிலேயே இதய மருத்துவரிடம் காட்டி, இந்த உயரங்களின் பட்டியலைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். மேலே சொன்ன வரிசையில் ஏறினால் பெரும்பாலோருக்கு மாத்திரையே தேவைப்படாது.

ஏழாம் நாள் கீ மடாலயம், கிப்பர், சிச்சம் பாலம். மூன்றும் ஒரே சாலையில், 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கீ மடம் 4,166 மீட்டர். சிச்சத்தில் பாலம் 2017-இல் வந்தது. அதற்கு முன் ஊர் மக்கள் அந்தக் கிடுகிடு பள்ளத்தைக் கம்பியில் ஓடும் தொட்டிலில் உட்கார்ந்து கடந்தார்கள்.

எட்டாம் நாள் லாங்சா, ஹிக்கிம், கோமிக். இவை மூன்றும் 4,400 மீட்டருக்குக் குறையாதவை, அதனால்தான் காஜாவில் இரண்டு இரவு கழிந்த பிறகு வைத்தேன். கோமிக் 4,587 மீட்டர், வண்டி எட்டும் ஊர்களில் உலகிலேயே உயரமானது என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஹிக்கிம் அஞ்சலகத்திலிருந்து அஞ்சலட்டை போடலாம், ஊருக்கு வந்துசேர வாரங்கள் ஆகும். நேரத்தை லாங்சாவில் செலவிடுங்கள். பின்னால் 6,303 மீட்டர் சவ் சவ் காங் நில்டா, முன்னால் புத்தர் சிலை, காலடியில் பழங்கால டெதிஸ் கடலின் அடித்தளமாக இருந்த கறுப்புக் களிப்பாறை. சுருள் நத்தை போன்ற அம்மோனைட் புதைபடிவங்கள் அதில் கிடைக்கின்றன. ஊர்ப் பிள்ளைகள் விற்க வருவார்கள். வாங்காதீர்கள், பொறுக்காதீர்கள். ஒவ்வொரு பயணியும் ஒன்று எடுத்துப் போய்ப் போய் மேற்பரப்பில் இருந்தவை அருகிவிட்டன. தொட்டுப் பார்த்து அங்கேயே வைத்துவிட்டு வருவதுதான் நாகரிகம்.

ஒன்பதாம் நாள் இரண்டில் ஒன்று. ‘பின்’ ஆற்றுப் பள்ளத்தாக்கின் கடைசி ஊரான முத் வரை 50 கிலோமீட்டர் போய்த் திரும்பலாம். பச்சையும் செம்மண் மடிப்புகளும் கலந்த, கூட்டம் குறைவான பகுதி. அல்லது சந்திரதால் பார்க்க விருப்பமென்றால் அன்று மதியம் லோசர் போய்த் தங்குங்கள், சுமார் 57 கிலோமீட்டர், 4,080 மீட்டர். உங்கள் குடும்பத்துக்குச் சந்திரதால் கூடாரத்தில் இரவைக் கழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது 4,250 மீட்டர். செப்டம்பர் இரவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகும், கைப்பேசி இணைப்பை நம்ப முடியாது, யாருக்காவது மூச்சு முட்டினால் இருட்டில் இறங்க வழி இல்லை. 2023 ஜூலையில் திடீர்ப் பனியில் ஏறக்குறைய 300 பேர் அங்கே நாள்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். லோசரில் தூங்கிவிட்டுக் காலை ஆறரைக்குக் கிளம்பினால் எட்டுக்குள் குன்சம். அங்கே பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். கணவாயிலிருந்து இறங்கியதும் பாதலுக்கு முன் ஏரிக்கான கிளைச் சாலை, ஒரு வண்டி மட்டும் போகும் அகலம், ஒரு மணி நேரம். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கடைசி ஒரு கிலோமீட்டர் நடை. பத்து மணி ஒளியில் ஏரி நீலமாக இருக்கும். இது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் உள்ளது. கரையில் கூடாரமோ சமையலோ கூடாது.

பாதலிலிருந்து கிராம்பூ வரையிலான 50 கிலோமீட்டர்தான் மொத்தப் பயணத்திலும் கடினமான சாலை. சாலை என்பதைவிட ஆற்றுப்படுகை என்பதே பொருந்தும். மூன்றிலிருந்து நான்கு மணி நேரம். குறுக்கே ஓடும் ஓடைகளுக்குப் பாலம் இல்லாத இடங்கள் உண்டு. மேலே பனிப்பாறை வெயிலில் உருக உருக, காலையில் கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் மாலையில் முழங்காலைத் தாண்டும். மதியம் ஒன்றுக்குள் பாதலை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். தாழ்ந்த அடித்தளம் உள்ள காரில் இங்கே எண்ணெய்த் தொட்டி உடையும், புகைக்குழாயில் தண்ணீர் ஏறும். இன்னோவா அளவிலோ அதற்கு மேலோ உயரமான வண்டி, ஸ்பிட்டிக்கு முன்பே போன இமாச்சல ஓட்டுநர். இரண்டில் ஓட்டுநர்தான் முக்கியம். ஓடையில் எங்கே இறங்குவது, எப்போது காத்திருப்பது என்பது அவருக்குத் தெரிந்த விஷயம். அவர் ‘இன்று வேண்டாம்’ என்றால் வாதாட வேண்டாம்.

கிராம்பூவிலிருந்து ரோதாங் கணவாய் ஏற வேண்டியதில்லை. கோக்சர் வழியே, 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கத்துக்கு வந்தால் மணாலி பக்கம் போய்விடலாம், அதற்கு ரோதாங் அனுமதியும் தேவையில்லை. ஏரி பார்த்துவிட்டு வருகிறவர்கள் மணாலி வரை இழுத்துக்கொண்டு போகாமல், சுரங்கத்துக்கு முன்பே சிசுவில் தங்கலாம். 3,100 மீட்டர், சந்திரா ஆற்றங்கரை, எதிரே அருவி. மறுநாள் சண்டிகர் நீண்ட பயணம்தான், ஆனால் மணாலியிலிருந்து சாலை பெரும்பகுதி அகலமானது.

காலம் பற்றிச் சொல்ல வேண்டும். குன்சம் பொதுவாக ஜூனில் திறந்து அக்டோபரில் மூடும். ஜூலை, ஆகஸ்டில் ஸ்பிட்டியில் மழை குறைவு என்றாலும் அங்கே போகும் இரண்டு வழிகளும் மழையில்தான் இருக்கின்றன. செப்டம்பர் 5 முதல் 22-க்குள் காஜாவில் இருப்பதுபோல் அமைத்தால் மழையும் குறையத் தொடங்கியிருக்கும், அறுவடையும் நடக்கும், வானமும் பெரும்பாலும் தெளிவு. மாதக் கடைசியை நம்ப வேண்டாம். 2018 செப்டம்பர் இறுதியில் பெருமளவு பனி விழுந்து லாகூல் ஸ்பிட்டியில் நூற்றுக்கணக்கானோர் மாட்டிக்கொண்டார்கள்.

சாப்பாட்டுக்குச் சிரமமில்லை. சைவமும் தாராளமாகக் கிடைக்கும்: சோறு, பருப்பு, ராஜ்மா, நூடுல்ஸ் சூப்பான துக்பா, மோமோ, ஆவியில் வேகவைத்த திங்மோ ரொட்டி. காஜாவில் தண்ணீர் 88 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் அரிசி சரியாக வேகாது. அதனால் பிரஷர் குக்கர் இல்லாத கடையில் சோறு கேட்டு ஏமாற வேண்டாம். வீட்டிலிருந்து புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி எடுத்துப் போனால் பசி மந்தமாக இருக்கும் முதல் நாளில் அப்பாவுக்குக் கை கொடுக்கும். எண்ணெயில் பொரித்ததை அங்கே குறையுங்கள்.

உடைகள்: கம்பளி உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ், அதன்மேல் காற்று புகாத மேலங்கி என்று அடுக்கு. ஒரே ஒரு தடித்த ஜாக்கெட் பயன்படாது. பகலில் வெயில் சுடும், நிழலில் குளிரும். வெயில் இங்கே கண்ணையும் தோலையும் நம் ஊர் கோடையைவிடக் கடுமையாகத் தாக்கும். புறஊதா தடுக்கும் கண்ணாடி, சூரியக் களிம்பு, உதட்டுக்கு வாசலின் கட்டாயம். தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துவிடும், வேண்டாம். தண்ணீர்ப் புட்டி வாங்கி வீசாமல், எஃகுக் குடுவையில் தங்குமிடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள். காஜாவில் குப்பையைக் கொண்டுபோய்ச் சேர்க்க இடமே இல்லை. கிராம வீடுகளில் உலர் கழிப்பறைதான் இருக்கும். தண்ணீர் ஊற்றாமல், பக்கத்தில் குவித்திருக்கும் மண்ணைத் தள்ளிவிட வேண்டும். அந்த எருவில்தான் அடுத்த வருடப் பட்டாணி விளைகிறது. மந்திரம் பொறித்த கற்களை அடுக்கிய மணிக்கற்சுவரையும், பௌத்தத் தூபிகளான சோர்த்தன்களையும் வலம் வந்து கடந்து செல்லுங்கள்.

அந்த இரண்டு கையிருப்பு நாள்களை எதற்கும் செலவழித்துவிடாதீர்கள். குன்சம் மூடினால் நீங்கள் வந்த கின்னோர் வழியே திரும்ப வேண்டும். காஜாவிலிருந்து சண்டிகர் மூன்று நாள். திரும்பும் விமானத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய சீட்டாக எடுங்கள், கணவாய் திறந்திருக்கிறதா என்பதைக் காஜா வாடகைக் கார் சங்கத்தில் முந்தின மாலை கேளுங்கள். இணையத்தில் இருக்கும் செய்தி பெரும்பாலும் மூன்று நாள் பழையது.